ஆண் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

காலி வீதியில் ஓடும் பஸ்களிலும் தனியார் வகுப்புகளின் வாசல்களிலும் மாணவியர் படும் தொல்லைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அறிவுரை முழுவதும் பெண் பிள்ளைகளை நோக்கியே செல்கிறது. தனியே போகாதே, பொழுது படுமுன் வீடு வந்து சேர், புத்தகப் பையை முன்னால் பிடித்துக்கொள், கையில் ஓர் ஊசி வைத்திரு என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம். அதே மேசையில் இருந்து சாப்பிடும் மகனுக்கு எதுவும் சொல்வதில்லை. இலங்கையின் பஸ்களிலும் ரயில்களிலும் பெண்களுள் 100க்கு 90 பேர் பாலியல் தொல்லைக்கு உள்ளாகியிருப்பதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் தனது ஆய்வின் மூலம் வெளிப்படுத்தியிருந்தது. அவ்வளவு பெண்களுக்குத் தொல்லை கொடுத்தவர்களும் நம்முடையவை போன்ற வீடுகளில் இருந்துதான் காலையில் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒன்றும் சொல்வதில்லை என்பதும் முழு உண்மையன்று. “உனக்கும் அக்கா, தங்கச்சி இருக்கிறார்கள்தானே?” என்ற ஒரு கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் கேட்கலாம். நல்லெண்ணத்தில் கேட்கப்படுவதாயினும், ஒரு பெண் எவருக்கோ சகோதரியாக இருப்பதால்தான் மரியாதைக்குரியவள் என்ற பாடத்தையே அது புகட்டுகிறது. எனக்கு இதைவிடக் கவலை தருவது, பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைக் காவல் வைக்கும் நமது வழக்கமாகும். சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் அக்காவை மாலை வகுப்புக்குக் கூட்டிச் செல்ல ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பியைத் துணைக்கு அனுப்புகிறோம். வீதியைக் கடக்கும்போது உண்மையில் கையைப் பிடித்துச் செல்பவள் அக்காதான் என்பது வேறு விடயம். அந்த வயதிலேயே அவன் தன்னைப் பொறுப்பாளனாக எண்ணத் தொடங்குகிறான். சில ஆண்டுகளில் அவள் யாருடன் கதைக்கிறாள், என்ன உடுத்துகிறாள், தொலைபேசியில் யாருடைய பெயர் வருகிறது என்று விசாரிக்கும் உரிமையும் தனக்கு உண்டென்று நம்புகிறான், அதைக் கண்டு வீட்டில் உள்ளவர்களும் “பொறுப்பான பிள்ளை” என்று மெச்சிக்கொள்கிறார்கள். பாதுகாப்பது வேறு, மதிப்பது வேறு என்பதை நாம் தெளிவாகப் பிரித்துச் சொல்லாவிட்டால், பிற்காலத்தில் அவன் தன் மனைவியிடமும் அதே விசாரணையையே நடத்துவான்.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நமது குடும்பங்களில் தாய்மார் பலர் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் முழுநாள் வேலை செய்துவிட்டு வந்து சமையலறைக்குள் நுழைகிறார்கள். மகன் சாப்பிட்ட பீங்கானை மேசையிலேயே விட்டு எழும்புகிறான், அதை அக்காவோ அம்மம்மாவோ எடுத்துச் செல்கிறார்கள். தகப்பன் ஒரு நாள் தேநீர் போட்டால் அது “உதவி” எனப்படுகிறது. இவற்றை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை, ஆயினும் எந்தப் பாடநூலிலும் பார்க்க ஆழமாக இவை பதிகின்றன. அன்னையர் தினத்தில் அம்மாவைத் தெய்வம் என்றும் தியாகி என்றும் புகழ்ந்து வாழ்த்து அட்டை எழுதும் அதே பிள்ளை, அவள் அலுவலகத்தில் என்ன பதவி வகிக்கிறாள், எத்தனை பேருக்கு மேலாளராக இருக்கிறாள் என்று கேட்டால் விழிக்கிறான். தியாகத்தைப் போற்றுவது நமக்கு எளிதாக இருக்கிறது, ஏனெனில் அதற்காக எவரும் தமது பீங்கானைக் கழுவ வேண்டியதில்லை. பெண்களின் திறமையைப் பற்றியும் தீர்மானம் எடுக்கும் ஆற்றலைப் பற்றியும் வீட்டில் பேசுவதுதான் அரிதாக இருக்கிறது.

அப்படிப் பேசுவதற்கு எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பொரளையில் உள்ள பி. சரா ஓவல் மைதானத்தைக் கிரிக்கெட் ஆடும் எந்தச் சிறுவனும் அறிவான். அம்மைதானத்துக்குப் பெயர் தந்த பாக்கியசோதி சரவணமுத்துவின் தமையனுடைய மனைவியான நேசம் சரவணமுத்து, 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதியில் போட்டியிட்டு வென்று, அக்காலச் சட்டமன்றமான அரசாங்க சபையின் இரண்டாவது பெண் உறுப்பினரானார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? பெண்களுக்கு இந்நாட்டில் வாக்குரிமை கிடைத்து அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. பழங்கதை பிள்ளைகளுக்குச் சுவைக்காதென்றால், 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்க அணிக்கு எதிராக 302 என்ற இலக்கைத் துரத்திய ஆட்டத்தில் இலங்கை மகளிர் கிரிக்கெட் அணியின் சமரி அத்தபத்து ஆட்டமிழக்காமல் எடுத்த 195 ஓட்டங்களை அவர்களுடன் சேர்ந்திருந்து பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 2018இலும் 2022இலும் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வெல்வதற்குத் துணைநின்ற தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிப் பேசலாம். வீட்டில் இவை பேசப்படும் இடத்தில், “பொம்பிளைப் பிள்ளை மாதிரி விளையாடாதே” என்ற ஏளனம் தானாகவே பொருளற்றுப் போகும்.

சட்டத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ்ப் பாலியல் தொல்லை ஐந்தாண்டு வரையான சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். பஸ்ஸில் “தற்செயலாக” உரசுவதும் இதில் அடங்கலாம் என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர் தகப்பனேயன்றி வகுப்பாசிரியர் அல்லர். சக மாணவியின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து கேலி செய்வது வேடிக்கை அல்ல என்பதையும் கைத்தொலைபேசியை வாங்கிக் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. இவ்வகைப் பேச்சுகளைத் தாயின் தலையில் மட்டும் கட்டிவிட்டுத் தகப்பன்மார் ஒதுங்கும் வழக்கத்தை நான் நன்கறிவேன். ஆண் பிள்ளை தகப்பனைப் பார்த்துத்தான் ஆணாக நடக்கப் பழகுகிறான் என்பதால் அந்த ஒதுக்கம் ஏற்கத்தக்கதன்று.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாடசாலைகளுக்கிடையிலான ஆண்கள் கிரிக்கெட் போட்டிகளுக்கு முழுப்பக்கமும் வண்ணப்படங்களும் ஒதுக்கப்படும் நாட்களில், மாணவியரின் வலைப்பந்தாட்ட, கரப்பந்தாட்ட முடிவுகள் ஒரு மூலையில் நாலு வரியில், வீராங்கனைகளின் பெயர்கள்கூட இல்லாமல் வெளியாவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். என் மகன்மார் பத்திரிகையை எடுத்ததும் முதலில் திருப்புவது விளையாட்டுப் பக்கத்தையே. அப்பக்கத்தில் பெண்களின் ஆட்டத்தையும் படத்துடனும் பெயருடனும் வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இரு ஆண் பிள்ளைகளின் தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.