வெளிநாட்டு அரசாங்கத்தையும் கூட்டி வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்களை நம் உற்பத்தியாளர்களோடு உட்கார வைத்துப் பேசவிடும் ஏற்றுமதியாளர் சந்திப்பு கோவையில் நடந்ததைப் பற்றி சென்ற வாரம் நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். அந்த மண்டபத்தில் எனக்கும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். கணபதியில் முப்பது வருஷமாக அடிபம்பு செய்கிறோம். செய்தியில் வராத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மேசைக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். விஷயம் தெரிந்தவர். நாங்கள் செய்யும் மார்க் 2 என்ற மாடல் அடிபம்பின் கைப்பிடியை நாலு தரம் அடித்துப் பார்த்தார். மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே கைப்பிடியையும் கம்பியையும் இணைக்கிற செயினைக் குனிந்து பார்த்தார். துருப் பிடிக்காமல் இருக்கப் பூசும் துத்தநாகப் பூச்சு, அதாவது கால்வனைசிங், எத்தனை மைக்ரான் என்றுகூடக் கேட்டார். அரை மணி நேரம் பேசிய பிறகுதான் தெரிந்தது, அவர் ஹார்டுவேர் கடைக்காரர். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து பம்பு விற்பாராம். "எங்கள் ஊரில் அடிபம்பு வாங்குவது அரசாங்கம்தான். நீங்கள் அவர்களை அல்லவா பார்க்க வேண்டும்?" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

உண்மைதானே! இந்த மாதிரி அடிபம்பை வீட்டுக்கென்று வாங்குகிறவர்கள் குறைவு. ஊருக்குப் போடுவது அது. வாங்குவது நீர்வளத் துறை, மாவட்ட நிர்வாகம், இல்லையென்றால் யுனிசெஃப். ஆஸ்பத்திரிக் கட்டில், பள்ளிக்கூட டெஸ்க், டிரான்ஸ்பார்மர், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சராசரியாக 10 முதல் 15 சதவீதம் அரசுக் கொள்முதல் என்று உலக வர்த்தக அமைப்பு சொல்கிறது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளரை விட்டுவிட்டு நாம் கடைக்காரர்களை மட்டும் கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்புகிறோம்.

இந்தப் பம்பு நம் மண்ணில் வளர்ந்தது என்பதால் எனக்கு வருத்தம் இன்னும் கூடுதல். 1970களில் யுனிசெஃப்பும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் கைகோத்து மார்க் 2-ஐ உருவாக்கின. 1980களில் கோவை மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த கள ஆய்வில் பிறந்தது மார்க் 3. அதில் குழாயையே மேலே தூக்காமல் உள்ளே இருக்கும் பிஸ்டனை மட்டும் உருவி வாஷர் மாற்றலாம். ஆப்பிரிக்காவின் எத்தனையோ கிராமங்களில் இன்றைக்கும் தண்ணீர் கொடுப்பது இந்த இரண்டும்தான். அதைச் செய்கிற சின்னப் பட்டறைக்கு அங்கே வாங்குகிற அதிகாரி யார் என்றே தெரியாது.

சரி, தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாட்டின் டெண்டர் எங்கள் கண்ணில் பட்டது. கடைசித் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. பேப்பர் எல்லாம் பிரெஞ்சில். மொழிபெயர்க்க ஆள் பிடித்தோம், பேங்க் கேரண்டிக்கு டெபாசிட் கட்டினோம். இடறியது ஒரே ஒரு ஷரத்தில்: அரசுக்கு இதே பொருளைச் சப்ளை செய்து, அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று வேண்டும். நாங்கள் இங்கே எத்தனை ஊராட்சிகளுக்குப் போட்டிருப்போம்! ஆனால் அந்தச் சான்றைக் கேட்டு ஒரு அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். "பில் பாஸ் ஆயிடுச்சே, அப்புறம் என்ன சர்டிபிகேட்?" என்றார்கள். தேதி முடிந்து பதினோரு நாள் கழித்து ஒரு பக்கக் கடிதம் கிடைத்தது. அதிலும் எத்தனை பம்பு, எந்த வருஷம் என்ற விவரம் இல்லை. அதை இன்னும் பைலில் வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் தென் கொரியாவைப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே கோட்ரா என்ற அரசு நிறுவனம் 1962 முதல் ஏற்றுமதிக்கு ஆள் தேடிக் கொடுக்கிறது. வெளிநாட்டு அரசுகளுக்குக் கொள்முதல் செய்கிறவர்களையே சியோலுக்கு அழைத்து வந்து, சின்ன நிறுவனங்களோடு நேருக்கு நேர் உட்கார வைக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அந்நாட்டு அரசுக் கொள்முதல் துறை, உள்நாட்டில் அரசுக்கு ஒழுங்காகச் சப்ளை செய்த நிறுவனங்களைப் பொறுக்கியெடுத்து 'ஜி-பாஸ்' என்று முத்திரை கொடுக்கிறது. 2013-ல் தொடங்கிய ஏற்பாடு. 'இவர் எங்களுக்குச் சப்ளை செய்தவர், எங்களுக்குத் தெரிந்தவர்' என்று அரசாங்கமே பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி. கனடா இன்னும் ஒரு படி மேலே. 1946 முதல் அங்கே ஒரு அரசுக் கார்ப்பரேஷன் இருக்கிறது. வெளிநாட்டு அரசோடு அதுவே ஒப்பந்தம் போட்டு, வேலையைக் கனடா நிறுவனத்திடம் கொடுக்கிறது. சரக்கு போய்ச் சேரும் என்பதற்கு அதுதான் பொறுப்பு.

கனடா அளவுக்கு உடனே நான் கேட்கவில்லை. கொரியா செய்ததை நம் மாநில அரசே செய்யலாம். குடிநீர் வாரியம், மின் வாரியம், மருத்துவப் பணிகள் கழகம் எல்லாவற்றிலும் யார் எவ்வளவு, எப்போது சப்ளை செய்தார், எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள், முத்திரையோடு அதை ஒரு சான்றாகக் கொடுத்தால் போதும். மண்டபத்தில் போடும் மேசைகளில் பாதியையாவது வெளிநாட்டு அரசு அதிகாரிகளுக்கு ஒதுக்குங்கள். அவர்களை ஒரு நாள் பட்டறைக்குக் கூட்டி வாருங்கள். டெண்டர் விவரக்குறிப்பு எழுதுவதற்கு முன்னால் வர வேண்டும், எழுதி முடித்த பிறகு வந்தால் எங்களுக்கு வேலை இல்லை.

காலமும் கூடி வருகிறது. உறுப்பு நாடுகள் தங்கள் அரசு டெண்டர்களை ஒன்றுக்கொன்று திறந்துவிடுகிற உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் இந்தியா 2010 முதல் பார்வையாளர் மட்டும்தான். ஆனால் 2022 மே 1-ல் அமலுக்கு வந்த, ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் கொள்முதலுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்துப் படித்துக்கொள்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு உங்கள் பத்திரிகை அதைத் தமிழில் விளக்கி எழுதினால் பேருதவியாக இருக்கும்.

அடுத்த சந்திப்பு நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: எங்கள் பட்டறையில் தலைப்பகுதி வெல்டிங் முடிந்து துத்தநாகத் தொட்டிக்குப் போவது வியாழக்கிழமைகளில். எந்த நாட்டு அதிகாரியை வேண்டுமானாலும் அன்றைக்கு அழைத்து வாருங்கள். எல்லாவற்றையும் நானே கூட நின்று காட்டுகிறேன்.

அன்புடன்,
அடிபம்புப் பட்டறை நடத்தும் வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.