சாதாரண நாளில் பேசும் காவல் நிலையம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சிறிய ஊர் ஒன்றின் காவல் நிலையப் பொறுப்பை ஏற்றிருக்கிறாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. "இங்கே குற்றம் குறைவு, வதந்திதான் அதிகம்" என்று நீ எழுதியிருந்த வரி நெடுநேரம் மனத்தில் நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அதே சிக்கலை நான் மறுபக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் பகுதியில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றில் திருட்டு நடந்தது. காவலர்கள் வந்தார்கள், கைரேகை எடுத்தார்கள், போனார்கள். அதன்பின் அவர்களிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. அந்த இடைவெளியை வாட்ஸ்அப் குழு நிரப்பியது. மாலைக்குள் ஒரு திருட்டு நான்கு திருட்டுகளாயிற்று. இரவுக்குள் ஆயுதம் ஏந்திய கும்பல் ஒன்று முளைத்தது. மறுநாள் காலையில், பேருந்து நிறுத்தத்தில் படுத்திருந்த வழிப்போக்கர் ஒருவரின் படம் "இவன்தான்" என்ற குறிப்போடு எல்லோருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது. இளைஞர்கள் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு பையைப் பிடுங்கி உதறினார்கள். உள்ளே ஒரு போர்வையும் மாத்திரைச் சீட்டும்தான் இருந்தன. அவ்வழியே வந்த ஆசிரியர் ஒருவர் குறுக்கே நின்றிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன்.

எந்தத் தெரு, எந்த நேரம், இதுவரை யாரும் பிடிபடவில்லை என்று மூன்று வரிச் செய்தியை நிலையம் அன்றே வெளியிட்டிருக்கலாம். ஆனால் அந்த மூன்று வரியும் நம்பப்பட வேண்டுமே! மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்தில் உள்ள அகட்லான் என்ற சிற்றூரில், 2018 ஆகஸ்டில், சிறு ஒழுங்குமீறலுக்காகக் காவலர்கள் அழைத்துச் சென்ற இருவரை, குழந்தை கடத்துவோர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், நிலைய வாசலிலேயே எரித்துக் கொன்றது. அவர்கள் கடத்தல்காரர்கள் அல்லர் என்று காவலர்கள் சொல்லியும் கூட்டம் கேட்கவில்லை. அதே ஆண்டு இந்தியாவிலும் இத்தகைய வதந்திகளால் பலர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வதந்தியின் வேகத்தை அது குறைக்கலாம். காவலரின் சொல்லுக்கு மதிப்பைக் கூட்ட அதனால் ஆகாது. அந்த மதிப்பு, எந்த ஆபத்தும் இல்லாத நாட்களில் நிலையம் ஊரோடு பேசிப் பேசித்தான் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரோந்து வண்டியைக் கூடுதலாகச் சுற்றவிட்டால் போதும் என்று உன் மேலதிகாரிகள் சொல்லக்கூடும். அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 1972-73இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் அச்சத்திலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே பத்தாண்டின் இறுதியில் அந்நாட்டின் நியூவார்க் நகரில் காவலர்கள் நடந்து ரோந்து சென்றதை ஆராய்ந்தபோதும் குற்றம் குறையவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்திருந்தது. தெருவில் நடந்து வருகிற காவலரை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா?

ஜப்பானிய நாட்டுப்புறங்களில் "சூசைஷோ" என்ற குடியிருப்புக் காவல் நிலையங்கள் உண்டு. காவலர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்கிறார். வீடு வீடாகச் சென்று விசாரிக்கிறார். தம் எல்லையில் நடந்த விபத்துகளையும் திருட்டுகளையும் பற்றிச் சிறு செய்தித்தாள் அச்சிட்டு வழங்குவதும் அங்கு வழக்கம். முக்கியமானது அந்தத் தாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருடுபோன மிதிவண்டி மீட்கப்பட்டது, எந்தச் சந்திப்பில் விளக்கு எரியவில்லை, வங்கி அதிகாரி என்று பேசிக் கடவுச்சொல் கேட்கும் அழைப்பு இந்த வாரம் யாருக்கு வந்தது என்பவைதாம் ஊருக்கு வேண்டிய செய்திகள்.

"யாருக்கு" என்று எழுதிவிட்டேன். பெயரைப் போடச் சொல்லவில்லை, அதில்தான் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பெருநகரத்தில் பெயரை மறைத்தால் ஆளும் மறைந்துவிடுவார். சிற்றூரில் "தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர்" என்றாலே எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தி அடுத்த முறை நிலையப் படியேறுவாளா என்பது அந்த ஒரு வரியைப் பொறுத்தது. பிடிபட்டவரின் படத்தை வெளியிடுவதும் அப்படித்தான். பின்னர் நீதிமன்றம் விடுவித்தாலும் ஊர் அவரை விடுவிப்பதில்லை. என்ன நடந்தது, எதில் எச்சரிக்கை தேவை, யாரை அழைப்பது, அடுத்த தகவல் எப்போது வரும் என்பவற்றோடு நிறுத்திக்கொள். சொன்ன நேரத்தில் புதிதாக ஒன்றும் இல்லையென்றால், அதையே சொல்.

கைபேசி இல்லாத முதியவர்களுக்காக நிலைய வாசலில் ஒரு பலகையும் வை. அதில் பழைய தாள் மஞ்சளேறித் தொங்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட காவலரிடம் ஒப்படைத்துவிடு. எங்கள் சங்கமும் வாராந்திரத் தகவல் கேட்டு இங்குள்ள நிலையத்துக்கு மனு கொடுத்திருக்கிறது. நீ வெளியிடும் முதல் தாளின் படி ஒன்றை அனுப்பினால், மாதிரியாக அவர்களிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்