கொன்றை என்று கேட்டால் எந்தக் கொன்றை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டி முடித்ததும் நர்சரிக்குப் போய், வாசலில் வைக்கக் கொன்றை வேண்டும் என்று கேட்டோம். கொடுத்தது செம்மயிற்கொன்றை, அதாவது குல்மொஹர். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம். அழகில் குறை சொல்ல முடியாது, ஐந்தாம் வருஷமே வாசல் முழுக்கச் சிவப்பு. ஆனால் நம்மூரில் ஆடிக்காற்று என்று ஒன்று இருக்கிறதே! பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும் அந்தக் காற்றுக்கு இந்த மரம் தாங்காது, கட்டையில் வலு இல்லை, வேரும் மேலாகவே ஓடும். ஒரு ராத்திரி பெரிய கிளை முறிந்து மாட்டுச்சாளை மேல் விழுந்தது. மாடு தப்பித்தது, முப்பது ஓடு போச்சு.

அப்புறம்தான் அப்புச்சி ஊரிலிருந்து மஞ்சளாகப் பூக்கிற சரக்கொன்றையின் காய் கொண்டுவந்தேன். முழ நீளம், கன்னங்கரேலென்று இருக்கும். உடைத்தால் அறை அறையாகத் தடுப்பு, அறைக்கு ஒரு விதை, கூடவே புளி மாதிரி ஒட்டுகிற கருப்புச் சதை. (இனிக்கிறதே என்று பிள்ளைகள் நக்கினால் வயிற்றாலே போகும், ஜாக்கிரதை.) விதையை அப்படியே ஊன்றி இரண்டு மாதம் தண்ணீர் விட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. தோல் அவ்வளவு கெட்டி. பிறகு நகவெட்டியால் ஓரத்தில் துளி கிள்ளிவிட்டு ராத்திரி ஊறப்போட்டேன், காலையில் பார்த்தால் இரண்டு பங்காக உப்பியிருந்தது, பத்து நாளில் முளையும் வந்துவிட்டது.

பூக்க ஆறு வருஷம் ஆனது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் தண்ணீர் தேங்காத செம்மண்ணாக இருந்தால் போதும், வேர் பிடித்த பிறகு இதற்கென்று குடம் தூக்க வேண்டியதில்லை. பங்குனியில் இலை கொட்டி, சித்திரையில் சரம் சரமாக மஞ்சள். விஷுவுக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பாலக்காட்டுக்காரர்கள் தட்டோடு வந்துவிடுவார்கள்.

இலையைப் பச்சைப் புழு தின்றால் உடனே மருந்தடிக்க ஓடாதீர்கள். அது இளமஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு, இலை திரும்பத் துளிர்த்துவிடும். சாலையோர மரங்களை மாசியில் மொட்டையடிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கிளை கழிப்பதைப் பூ முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த வருஷப் பூவை மறந்துவிட வேண்டியதுதான்.

நர்சரிக்காரர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கொன்றை கேட்டு வருகிறவரிடம், "மஞ்சளா, சிவப்பாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கன்றை எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பல்லடம்