சரக்குக்கு ஒரு நீதி, ஆளுக்கு ஒரு நீதியா? வர்த்தக அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த வர்த்தக அமைச்சர்களுக்கு,

வணக்கம். நான் பொருளாதார நிபுணர் இல்லை. கடையில் பொருள் வாங்கும், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சாதாரண ஆள். உலகமயமாக்கலை ஒழித்துக்கட்டுங்கள் என்று கொடி பிடிக்க வரவில்லை. அதன் வசதிகளை அனுபவித்துக்கொண்டே அதைத் திட்டித் தீர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: சரக்கையும் காப்புரிமையையும் காக்க நீங்கள் எழுதிய விதிகளுக்கு இருக்கும் வலு, அந்தச் சரக்கைச் செய்யும் ஆளைக் காக்கும் விதிகளுக்கு ஏன் இல்லை?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. லாரித் தொழில் செய்துவந்த மால்கம் மெக்லீனின் யோசனை அது. சில்லறைச் சரக்கை ஆட்கள் சுமந்து ஏற்றியபோது டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. பெட்டியோடு தூக்கி வைத்தபோது 16 சென்ட்கூட ஆகவில்லை. இன்றைய கன்டெய்னர் கப்பல்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். நீங்கள் சுங்கவரியை எவ்வளவு குறைத்திருந்தாலும், ஏற்றி இறக்கும் கூலி அப்படியே இருந்திருந்தால் தூர தேசத்துச் சட்டை எங்கள் அலமாரிக்கு வந்திருக்காது. அதே பெட்டிதான் துறைமுகங்களில் மூட்டை சுமந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியது என்பதையும் சொல்ல வேண்டும்.

உலக வங்கிக் கணக்குப்படி 1990-இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கடும் வறுமையில் இருந்தார்கள். 2019-இல் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதில் வணிகத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. சீனாவில் கிராமத்தை விட்டு ஆலைக்கு வந்தவர்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மருந்தும் அப்படித்தான். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன காலத்தில், 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஒரு நாட்டில் தயாரானது, வேறொரு கண்டத்தில் உயிர் காத்தது. இதைவிட நல்ல உலகமயம் என்ன வேண்டும்?

ஆனால் அந்த மருந்துக்கு வழியடைத்து நின்றதும் உங்கள் விதிதான். 1995-இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் காப்புரிமையைப் பெரும்பாலான உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. பொது சுகாதாரத்தைக் காக்க அரசுகள் நடவடிக்கை எடுப்பதை அது தடுக்கக் கூடாது என்று நீங்கள் தோஹாவில் கூடி எழுதிக் கொடுக்க 2001 நவம்பர் வரை ஆனது. கொரோனா காலத்தில் என்ன நடந்தது? காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டது 2020 அக்டோபரில். நீங்கள் முடிவெடுத்தது 2022 ஜூனில். அதுவும் தடுப்பூசிக்கு மட்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று குறுக்கே சிக்கிக்கொண்டபோது ஆறே நாளில் விடுவித்தார்கள். கப்பலை இழுப்பதும் ஒப்பந்தம் பேசுவதும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் எதற்கு அவசரம் வருகிறது, எதற்கு வருவதில்லை என்பது எங்களுக்கும் தெரிகிறது.

இப்போது என் கையில் இருக்கும் சட்டைக்கு வருகிறேன். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துணித் துண்டு தைத்திருக்கிறது. அளவு, எத்தனை டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், பிளீச் கூடாது, இஸ்திரி இளஞ்சூட்டில், உள்புறமாகத் திருப்பிக் காயப்போட வேண்டும், எல்லாம் இருக்கிறது. கீழே ஒரு நாட்டின் பெயர். அந்த நாட்டில் நடந்தது பெரும்பாலும் வெட்டித் தைத்த வேலை மட்டும்தான். பஞ்சு ஒரு நாட்டு வயலில் விளைந்திருக்கும், நூல் இன்னொரு நாட்டில், சாயம் வேறெங்கோ, பொத்தான் அதற்கும் அப்பால். துணியை எப்படிப் பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தத் துண்டு எனக்கு விலாவாரியாகச் சொல்லிக் கொடுக்கிறது. தைத்தவர் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து தைத்தார், ஆபத்து என்றால் வெளியே ஓட வழி இருந்ததா என்பது பற்றி ஓர் எழுத்து இல்லை.

கட்டடம் என்று சும்மா சொல்லவில்லை. 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் உடனே மூடிவிட்டார்கள். மேலே தையல் ஆலைகளில் இருந்தவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்று கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைத்த துணிகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போனவை. எந்தெந்த பிராண்டுகள் என்பதை இடிபாடுகளில் கிடந்த லேபிள்களையும் ஆர்டர் காகிதங்களையும் பொறுக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அங்கே ஒரு பிராண்டின் சின்னத்தைத் திருடி ஒட்டியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிப்ஸ் இருக்கிறது, தகராறு தீர்க்கும் அமர்வு இருக்கிறது, கடைசியில் பதிலடியாக வரி போடும் உரிமையும் இருக்கிறது. (மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது என்பது வேறு கதை.) தைத்தவர்கள் செத்ததற்கு உங்கள் விதிப் புத்தகத்தில் பக்கம் இல்லை. 1996-இல் சிங்கப்பூர் மாநாட்டில், தொழிலாளர் தரங்களைக் கவனிக்க வேண்டியது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புதான் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த அமைப்பின் கையில் தண்டிக்கும் அதிகாரம் ஏறத்தாழ கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். இதைத்தான் எங்கள் பக்கம் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெனீவா ஏரிக்கரையில் உங்கள் அமைப்பின் தலைமையகம் இருக்கும் கட்டடம், 1920-களில் அந்தத் தொழிலாளர் அமைப்புக்காகவே கட்டியது. அவர்கள் 1975-இல் காலி செய்த பிறகு உங்கள் அமைப்பின் முன்னோடியான காட் ஒப்பந்தத்தின் செயலகம் குடிவந்தது. உழைப்பைப் போற்றும் பழைய சுவரோவியங்களும் ஓடு பதித்த சித்திரங்களும் பல ஆண்டுகள் மறைப்புக்குள் கிடந்து, பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த முறை அந்தக் கூடத்துக்குப் போனால் நின்று பாருங்கள்.

தொழிலாளர் விதியை வணிகத்தோடு கட்டினால் பணக்கார நாடுகள் அதைச் சாக்காக வைத்து எங்கள் சரக்கைத் தடுத்துவிடும் என்று வளரும் நாடுகள் சிங்கப்பூர் மாநாட்டின்போது பயந்தன. அந்தப் பயம் நியாயமானது, இப்போதும் நியாயமானது. அதனால் எல்லையில் வரி போட்டுத் தண்டியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் முதலில் வேலை இழப்பவர் அதே தையல்காரர்தான்.

வேறு வழி இருக்கிறது, செய்தும் பார்த்தாயிற்று. ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 மே மாதத்தில், தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று உருவானது. ஒரு பக்கம் தொழிற்சங்கங்கள், மறு பக்கம் வாங்கும் பிராண்டுகள். காலப்போக்கில் 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. இது நல்லெண்ண அறிக்கை இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகளில் பொறியாளர்கள் புகுந்து பார்த்தார்கள். மின்கம்பிகளை மாற்றினார்கள், பூட்ட முடியாத தீக்கதவுகளைப் போட்டார்கள், தூண்களை வலுப்படுத்தினார்கள். சொன்னபடி செய்யவில்லை என்று இரண்டு பிராண்டுகள் மீது தொழிற்சங்கங்கள் ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்துக்குப் போயின. இரண்டும் சமரசத்தில் முடிந்தன. ஒன்றில் 20 லட்சம் டாலருக்கு மேல் தர பிராண்ட் ஒப்புக்கொண்டது. ஏற்றுமதி நின்றுபோகவில்லை. 

அதாவது கணக்கை ஏழை நாட்டின் தலையில் எழுதாமல், ஆர்டர் கொடுத்தவரின் பெயரில் எழுத முடியும். வேறு நாட்டு நடுவர் தீர்ப்பை உள்ளூர் நீதிமன்றம் நிறைவேற்றித் தர 1958-இன் நியூயார்க் உடன்படிக்கை ஏற்கெனவே இருக்கிறது. உங்களில் பெரும்பாலான நாடுகள் அதில் கையெழுத்திட்டவை. கம்பெனிகளுக்கு இடையே பணத் தகராறு வந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறீர்கள்.

வேலை இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவதால் வரும் லாபம் கோடிக்கணக்கான பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்கிறது. ஆலை மூடுவது ஒரே வட்டாரத்தில் மொத்தமாக விழுகிறது. சீன இறக்குமதி அமெரிக்க வட்டாரங்களை எப்படிப் பாதித்தது என்று டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் ஆராய்ந்து காட்டியதும் இதைத்தான். ஆலை மூடியவர்கள் எல்லாரும் வேறு ஊருக்குப் போய் வேலை தேடிக்கொள்வார்கள் என்ற பாடப்புத்தகக் கணிப்பு பலிக்கவில்லை. பத்தாண்டு கழித்தும் அந்த வட்டாரங்கள் எழுந்து நிற்கவில்லை. நட்ட ஈட்டை உள்நாட்டு அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்கினீர்கள். எத்தனை அரசுகள் பார்த்தன?

அப்புறம், வெளிநாட்டில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். 200 டாலர் அனுப்பினால் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று 2015-இல் ஐ.நா.வில் எல்லா நாடுகளும் சொன்னவைதான். ஆனால் மின்வழி அனுப்பும் மென்பொருளுக்கும் படத்துக்கும் சுங்கவரி கூடாது என்று 1998-லேயே முடிவெடுத்து, மாநாட்டுக்கு மாநாடு நீட்டித்துக்கொண்டே வந்தீர்கள்.

எந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கினாலும் அதே கடைகள், அதே விளம்பரம் என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. அதை உங்களிடம் கொண்டுவரவில்லை. எங்கள் ரசனையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பெரிய அளவில் இறக்குமதி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சரக்கு தயாராகும் ஆலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும் என்று எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு விதி எழுதுங்கள். அந்த ஆலைகளின் பாதுகாப்புக்கு நிறுவனம் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கட்டும். தவறினால் தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போக வழி இருக்கட்டும். தனித்தனியாகச் செய்தால் நிலைக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இந்த வகையில் ஒரு சட்டம் கொண்டுவந்து, போட்டியில் பின்தங்கிவிடுவோம் என்ற கூச்சலில் மறு ஆண்டே அதைத் தளர்த்தத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அந்தக் கூச்சலுக்கு இடமிருக்காது. அதற்காகத்தானே உங்கள் அமைப்பே இருக்கிறது?

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது நீங்கள் கூட வேண்டும் என்பது உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எனக்குப் பதில் மடல் வேண்டாம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் உருப்படி எண் கொடுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் அனுப்பும் சரக்கை வாங்கும் ஒருவர்