சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஓர் உக்ரேனியப் பேராசிரியருக்கு இடம் கேட்டு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டம் வகுப்போருக்கும், பிள்ளைகளை அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். வரும் கல்வியாண்டில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பாடங்களில் ஒன்றை வால்டர் சுர்மா டர்னோபொல்ஸ்கி என்பவருக்கு ஒதுக்குமாறு கேட்டே இம்மடலை எழுதுகிறேன். அவர் தமிழரல்லர். சஸ்காட்சுவன் மாகாணத்தின் குரோன்லிட் என்ற சிற்றூரில் 1932 ஆம் ஆண்டு ஓர் உக்ரேனியக் குடியேறிக் குடும்பத்தில் பிறந்து, சட்டப் பேராசிரியராகவும் பின்னர் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதியரசராகவும் விளங்கி, 1993 இல் 61 வயதில் மறைந்தவர்.

சென்ற மாரியில் என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அம்மா அப்பா அகதியாக வந்தபோது அவர்களை ஏன் திருப்பி அனுப்பவில்லை, ரீச்சர்?" என்று கேட்டாள். சட்டம் அனுமதிக்கவில்லை என்றேன். "அந்தச் சட்டத்தை ஆர் எழுதினது?" என்று அடுத்த கேள்வி வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வாழ்ந்தும் அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருக்கவில்லை. அன்றிரவே தேடத் தொடங்கினேன். அந்தச் சட்டம் பலர் கைபட்டு உருவானது. அந்தப் பலரில், நம் பிள்ளைகளைப் போலவே வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார்.

உக்ரேனியர் கனடாவுக்கு வரத் தொடங்கியது 1891 இல். அவர்களிற் பெரும்பாலோர் அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா, புக்கோவினா பகுதிகளிலிருந்து நிலம் தேடி வந்த ஏழை விவசாயிகள். 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டதும், அவர்கள் எந்தப் பேரரசின் வறுமையிலிருந்து தப்பி வந்தார்களோ அதன் குடிகள் என்ற காரணத்தினாலேயே "எதிரி நாட்டு அந்நியர்" எனப் பதியப்பட்டார்கள். போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தின் கீழ் 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் உக்ரேனியர். பெயரைப் பதிந்துகொண்டு குறித்த காலத்துக்கு ஒருமுறை பொலிசில் கையெழுத்திட வேண்டியிருந்தவர்கள் பல்லாயிரம். மனிற்றோபாவில் ஆங்கிலத்தோடு உக்ரேனிய மொழியையும் கற்பித்த இருமொழிப் பாடசாலைகளை 1916 இல் மாகாண அரசு ஒழித்துவிட்டது. தாய்மொழி வகுப்பு நடத்தும் நமக்கு இந்த ஒரு செய்தியே அவர்களை உறவினராக்கப் போதும் என்று நினைக்கிறேன்.

இவை நடந்து இருபது ஆண்டுகள்கூட நிறைவதற்குள் டர்னோபொல்ஸ்கி பிறந்தார். சஸ்காட்சுவன் உள்ளிட்ட புல்வெளி மாகாணங்களைப் பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. சஸ்காட்சுவன் பல்கலைக்கழகத்திலும், நியூயோர்க்கின் கொலம்பியாவிலும், லண்டன் பொருளாதாரக் கல்லூரியிலும் கற்றார். வின்சர் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தின் பீடாதிபதியாக இருந்தார். ஒஸ்குட் ஹோல் சட்டக் கல்லூரியிலும் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். பதவிகளின் பட்டியல் இன்னும் நீளும். பிள்ளைகளுக்கு அது வேண்டாம். அவர் எதைப் பற்றி வாழ்நாள் முழுதும் கவலைப்பட்டார் என்பதே அவர்களுக்கு வேண்டியது.

1960 இல் நாடாளுமன்றம் கனேடிய உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அது சாதாரணச் சட்டம், மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது, மாகாணங்களைத் தொடவில்லை. அச்சட்டத்தைப் பற்றி 1966 இல் ஒரு முழு நூலை டர்னோபொல்ஸ்கி வெளியிட்டார். அழகான சொற்களால் எழுதப்பட்ட ஒரு சட்டமும் நீதிமன்றத்தில் எவ்வளவு வலுவிழக்கக்கூடும் என்பதை 1973 இல் ஜெனெற் லவெல் வழக்கு காட்டியது. பழங்குடி ஆண் வெளியாளை மணந்தால் அவருடைய பழங்குடித் தகுதி அப்படியே நிற்கும். பழங்குடிப் பெண் மணந்தால் தகுதியை இழப்பாள். இதில் சட்டத்தின் முன் சமத்துவம் மீறப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் தீர்ப்பளித்தது. சட்டத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தினால் போதும், சட்டத்தின் உள்ளடக்கமே அநீதியாக இருப்பது வேறு விடயம் என்பதே அதன் தர்க்கம்.

1980 இல், நாட்டின் அரசியலமைப்பிலேயே இடம்பெறவிருந்த புதிய உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் வரைவு நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் வந்தபோது, கனேடியக் குடியியற் சுதந்திரங்கள் சங்கத்தின் தலைவராக டர்னோபொல்ஸ்கி சாட்சியம் அளித்தார். உரிமைகளுக்கு எல்லை வகுக்கும் முதலாம் பிரிவு அவ்வரைவில் மிகத் தளர்ந்து கிடந்தது: பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் நியாயமான எல்லை எதுவாயினும் செல்லும் என்ற அளவில் அது இருந்தது. போர்க்காலத்தில் உக்ரேனியரை அடைத்ததும், 1942 இல் யப்பானியக் கனேடியரை மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றியதும் அந்தந்தக் காலத்தில் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்ட செயல்களே அல்லவா? இவரும் இவரைப் போன்ற பலரும் வற்புறுத்திய பின்னர், எல்லை சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும், அதன் நியாயம் எண்பிக்கப்படவும் வேண்டும் என்று அப்பிரிவு இறுக்கப்பட்டது. நிரூபிக்கும் பொறுப்பு அரசின் தோளில் ஏறியது. சமத்துவம் பற்றிய 15 ஆம் பிரிவும், லவெல் தீர்ப்பு மீண்டும் நேராதபடி, சட்டத்தின் முன்னும் சட்டத்தின் கீழும் சமம், சட்டத்தின் பாதுகாப்பிலும் பயனிலும் சமம் என விரித்து எழுதப்பட்டது. வகுப்பில் இவ்விரு வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, எந்தச் சொல் மாறியது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரு சொல்லின் எடையை உணர்த்த இதைவிட நல்ல மொழிப் பயிற்சியை நான் அறியேன்.

நம்மோடு இதற்குள்ள தொடர்பு 1985 ஏப்பிரல் 4 இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட சிங் தீர்ப்பில் இருக்கிறது. அகதிக் கோரிக்கையாளரை நேரில் விசாரிக்காமல் எழுத்தை மட்டும் வைத்து நிராகரிப்பது செல்லாது என்று தீர்ப்பில் பங்குகொண்ட ஆறு நீதியரசர்களும் உடன்பட்டனர். அவர்களில் மூவர், உயிர், சுதந்திரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான உரிமையைக் காக்கும் சாசனத்தின் 7 ஆம் பிரிவின்படி அம்முடிவுக்கு வந்தனர். கனேடிய மண்ணில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அப்பிரிவு பொருந்தும் என்று நீதியரசர் பேர்த்தா வில்சன் எழுதினார். மற்ற மூவர் எடுத்துக்கொண்டது, டர்னோபொல்ஸ்கி நூல் எழுதிய அதே 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தை.

1990 இல் என் அகதி விசாரணை நடந்தது. சன்னலற்ற சிறிய அறை. மேசையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி. என் வலப்புறம் மொழிபெயர்ப்பாளர். நான் தமிழில் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் அவர் தாளில் குறித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். என் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் அடைத்தது. நான் மீண்டும் தொடங்கும் வரை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தது எவருடைய தயவினாலும் அன்று, மொழிபெயர்ப்பாளரை உரிமையாக்கும் சாசனத்தின் 14 ஆம் பிரிவினால் என்பதை நான் அறிந்துகொண்டது மிகப் பிந்தியே.

ஆகவே என் வேண்டுகோள் இது. சாசனம் நடைமுறைக்கு வந்த ஏப்பிரல் 17 ஐ அண்டிய சனிக்கிழமையில் இப்பாடத்தை வையுங்கள். நம் பெருமைகளைச் சொல்ல இருக்கும் குறைந்த நேரத்தில் பிறர் கதைக்கு இடமேது என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். அக்கறையினால் எழும் கேள்வி அது. அவர்களைத் தங்கள் விசாரணை நாளை நினைத்துப் பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வசதிப்பட்டால், அருகிலுள்ள உக்ரேனியத் தேவாலயத்திலிருந்து மூத்தவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். இன்று போரினால் வீடிழந்து வந்த உக்ரேனியப் பிள்ளைகள் நம் பிள்ளைகளின் பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களையும் அழையுங்கள்.

பாடத்தைத் தமிழில் நான்கு பக்கங்களாக எழுதி வைத்திருக்கிறேன். திருத்தித் தரும் ஆசிரியர்களுக்கு நன்றியுடையேன். அந்த மாணவி இப்போது அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுக்கு மட்டும் ஒரு பிரதியை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

இங்ஙனம்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சனிக்கிழமை ஆசிரியை