ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டதாக அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் மட்டும் சத்தம் அமுங்கிவிட்டது, மெக்கானிக் ‘ஐசி போயிருக்கும், போர்டையே மாற்றணும்’ என்கிறார், பேசாமல் எடைக்குப் போட்டுவிடலாமா என்று குன்னூர் வாசகர் ஒருவர் உங்கள் பகுதியில் கேட்டிருந்தார். போடாதீர்கள் ஐயா. எழுபதுகளில் வந்த பல செட்டுகளில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் ஐசியே (பல பாகங்கள் ஒன்றாக அடங்கிய சில்லு) கிடையாது, தனித்தனி டிரான்சிஸ்டர்கள்தான். அவை போனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரேயடியாக ஊமையாகும், இல்லையென்றால் கரகரக்கும், ஃபியூஸ் போகும். பாட்டு சுத்தமாகக் கேட்கிறது, ஆனால் சன்னமாகக் கேட்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்விட்ச், குமிழ், ரிலே (மின்சாரத்தால் தானாக இயங்கும் ஸ்விட்ச்) இவற்றின் தொடுமுனைகளைத்தான்.

நம் மலையில் இது அதிகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. கூடலூர் பக்கம் ஆடியில் நனைகிறது என்றால் குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில் நனைகின்றன, நடுவில் பனிமூட்டம் வேறு. பீரோவில் இருக்கும் செருப்பிலேயே பூஞ்சணம் பூக்கிற ஊரில், வருஷக்கணக்கில் யாரும் தொடாத ஸ்விட்சுக்குள் இருக்கும் வெள்ளி முலாம் கறுக்காமல் என்ன செய்யும்?

மூடியைத் திறக்காமலே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் (சிரிக்காதீர்கள், துடைக்கும்போது யாராவது திருப்பியிருப்பார்கள்). அப்புறம் செட்டை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். ஓடும்போது மாற்றக் கூடாது, இரண்டு ஒயர் உரசினால் நல்ல டிரான்சிஸ்டரும் போய்விடும். மாற்றிய பிறகும் அதே ஸ்பீக்கர்தான் மெல்லப் பாடுகிறது என்றால் கோளாறு ஸ்பீக்கரிலோ ஒயரிலோ இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால், பழையபடி மாட்டிவிட்டு, டேப் டெக்கிலிருந்தோ ரெக்கார்டு பிளேயரிலிருந்தோ வரும் இரண்டு பின்களை இடம் மாற்றுங்கள். அதற்கும் தாவினால் பிளேயரிலோ அந்த ஒயரிலோ பாருங்கள், தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபயரேதான்.

அதிலும் நான் முதலில் பார்ப்பது, டேப் டெக்கிலிருந்து வருவதைக் கேட்பதற்காக வைத்த ‘டேப் மானிட்டர்’ ஸ்விட்சைத்தான். இன்று அதை யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் பாட்டு முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. செட்டை அணைத்துவிட்டு அதையும் மோனோ, லவுட்னஸ் ஸ்விட்சுகளையும் இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள், வால்யூம், பேலன்ஸ் குமிழ்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். இந்த ஓசிச் சிகிச்சையிலேயே எழுந்துகொள்ளும் செட்டுகள் உண்டு. சரியாகி மறுபடி குறைந்தால் மூடியைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், அதன் பிசுக்கில் தூசி போய் ஒட்டும்.

சத்தத்தைக் கூட்டியதும் அடங்கிக் கிடந்த பக்கம் திடீரென்று விழித்துக்கொண்டால், ஸ்பீக்கர் ரிலேயைப் பாருங்கள். செட்டைப் போட்ட சில நொடியில் ‘டிக்’ என்று கேட்குமே, அதுதான் ரிலே. அதன் முனை கறுத்திருந்தால் சின்ன சிக்னல் தாண்டாது, பெரியது தாண்டிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டி அட்டைத் துண்டை இடையில் வைத்து இழுத்தால் கொஞ்ச நாள் ஓடும். உப்புத்தாள் போட்டால் முலாமே போய்விடும். புது ரிலே போடுவதுதான் நிரந்தரம், கோவையில் கிடைக்கும், வோல்டேஜும் கால் அமைப்பும் பொருந்த வேண்டும்.

இன்னொன்று, வால்யூமை மிகக் குறைவாக வைக்கும்போது மட்டும் ஒரு பக்கம் தூக்கலாக இருந்து, கூட்டினால் சமமாகிவிட்டால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். வால்யூம் குமிழின் ஒரே தண்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கார்பன் தடங்கள் இருக்கும், ஆரம்பப் பகுதியில் அவை துல்லியமாக ஒத்துப்போவது அபூர்வம். காதை நம்பாதவர்கள் மோனோவில் 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பார்க்கலாம். ஒரு பக்கம் 1 வோல்ட், மறுபக்கம் 0.7 என்றால் வித்தியாசம் 3 டெசிபல், அதாவது பவரில் பாதி.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால் காய்ந்த கண்டென்சரோ, வெடித்த சால்டரோ இருக்கலாம், அது தெரிந்தவர் கைக்குப் போகட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், வால்வு செட் என்றால் 300 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும், பழகாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது ‘இடது பக்கம் வேலை செய்யவில்லை’ என்று மொட்டையாகச் சொல்லாமல், ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், பின்னை மாற்றிப் பார்த்தேன், இப்படி நடந்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அப்புறமும் அவர் போர்டையே மாற்றணும் என்றால், வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

– ஒரு வாசகர், கோத்தகிரி