குழியா கொள்ளியா என்பதை வீட்டாரிடம் விடுங்கள்

இலங்கையில் தொற்றுநோய்க் கால விதிகளை எழுதும் சட்ட வரைஞர்களுக்கும் மருத்துவ அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாச்சி காலமான அன்று முற்றத்தில் உரல் வைத்துச் சடங்குக்குச் சுண்ணப்பொடி இடித்தார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நின்றோம். சூடான நெய் என் புறங்கையில் சொட்டியது, பந்தத்தை விடவில்லை. அப்பாச்சிக்கு நான் செய்யக்கூடிய கடைசி வேலை அது. பிறகு சுடலை, சாம்பலும் எலும்பும் எடுக்கும் காடாத்து, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. எரிப்பதில்தான் எங்களுக்கு ஆறுதல்.

அதனாலேயே 2020இல், கொரோனாவில் செத்தவர்களை எல்லாம் கட்டாயமாக எரித்தபோது, எங்கள் ஆட்கள் பலருக்கு விஷயம் உறைக்கவில்லை. "செத்த பிறகு எரித்தால் என்ன, தாட்டால் என்ன" என்றார்கள். முஸ்லிம்களுக்கு அப்படியில்லை. மையித்தை, அதாவது இறந்தவரின் உடலைக் குளிப்பாட்ட வேண்டும், கபன் துணியால் சுற்ற வேண்டும், தொழுவிக்க வேண்டும், அடக்க வேண்டும். ஊரில் சிலராவது இந்த நாலையும் செய்யாவிட்டால் ஊர் முழுவதற்கும் குற்றம். எரிப்பது அவர்களுக்கு விலக்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதமே புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று சொல்லியிருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி வந்த அரச வர்த்தமானி கொரோனாவில் செத்த எல்லோரையும் எரிக்கச் சொன்னது. புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம். டிசம்பரில் கொழும்பில் 20 நாள் முஸ்லிம் குழந்தையொன்றைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். பச்சைக் குழந்தை செத்தால் நாங்களும் எரிப்பதில்லையே ஐயா, தாழ்ப்பதுதானே வழக்கம்! கொழும்பு பொரளை மயான வேலியில் சனம் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டியது. கபனும் வெள்ளை, பௌத்த மரணவீட்டுக் கொடியும் வெள்ளை, எங்கள் வேட்டியும் வெள்ளை.

2021 பெப்ரவரி கடைசியில்தான் புதைக்க அனுமதி வந்தது. அதுவும் சொந்த ஊர் மையவாடியில், அதாவது அடக்கத்தலத்தில் இல்லை. நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான். ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்களை அங்கே அடக்கினார்கள். முஸ்லிம்களுக்குப் பக்கத்தில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் கிடக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வாப்பாவின் கபுறடிக்குப் போய் ஸலாம் சொல்ல நினைக்கும் கொழும்புப் பிள்ளைக்கு அது ஒரு நாள் பயணம்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது. ஆனால் அடுத்த தொற்று வரும் இரவில் மன்னிப்பைத் தேடி எவரும் கோப்பைத் திறக்கப்போவதில்லை, விதியைத்தான் திறப்பார்கள். ஆகவே விதியில் இதை எழுதுங்கள்: புதைப்பதா எரிப்பதா என்பதை இறந்தவரின் குடும்பமே தீர்மானிக்கும். எந்த அதிகாரியாவது மறுத்தால், அதற்கான ஆதாரத்தை அன்றே, குடும்பத்துக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். அந்த ஆதாரத்தை வேறொரு மருத்துவர் பார்த்துச் சரி சொல்லும்வரை உடலில் கை வைக்கக் கூடாது. இடம் அந்தந்த மாவட்டத்திலேயே இருக்க வேண்டும்.

பௌத்த வீட்டில் பிக்குமார் ஓத, பிள்ளைகள் ஒன்றாகக் கை பிடித்து, கிண்ணம் நிரம்பி வழியும்வரை நீர் வார்ப்பார்கள். அதற்கும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பாதுகாப்பு அங்கி போட்டுக்கொண்டு இரண்டு பேர் நிற்கலாம். ஒரு பிள்ளை நெய்ப்பந்தமும் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பேத்தி